எதிர்க்காற்றில் ஒரு நாள்



பாமன்கடையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வீதியில் இறங்கினால், கையில் பெரிய எக்ஸ்ரே உறையும் தோளில் ஒரு பையுமாக நடக்கும் ஆட்களைக் காணலாம். அனேகமாக இருவராக வருவார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் துணைக்கு வந்தவர். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ இரவு தங்கிவிட்டு, கிருலப்பனைக்குப் போய் ஹைலெவல் வீதியில் 138ஆம் இலக்க பஸ் பிடித்து மகரகமைக்குப் போகிறவர்கள் இவர்கள். மகரகமை என்ற ஊரின் பெயரையே நோயின் பெயராகச் சொல்லும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. "அவவுக்கு மகரகமையாம்" என்றால் போதும், கேட்டவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார். அந்த வைத்தியசாலைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். சிங்களத்தில் அதற்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள்.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து மகரகமைக்கு வருவது எப்படி இருந்தது என்பதை உங்களில் பலர் எனக்குச் சொல்லித் தரலாம். 1990இல் யாழ்தேவி நின்றது. பாதை மூடியிருந்த காலங்களில் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி வந்தவர்களும், திருகோணமலைக்குக் கப்பலில் வந்து அங்கிருந்து பஸ் எடுத்தவர்களும் உண்டு. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடியது. வந்து சேர்ந்தாலும் தங்குமிடத்தைப் பொலிசில் பதிய வேண்டும். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியபோது, வைத்தியத்துக்காக வந்து நின்றவர்களும் அதற்குள் அகப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

இந்தத் தூரத்தைக் குறைக்க நினைத்தவர்களில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உணம்பூவேயும் முக்கியமானவர்கள். 2011 யூலையில் தெற்கு முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீற்றரைக் கால்நடையாகக் கடந்து நிதி சேர்த்தார்கள். 'ட்ரெயில்' என்பது அந்த நடையின் பெயர். பாடசாலைப் பிள்ளைகள் முதல் முதியவர் வரை வழிநெடுகச் சேர்ந்து நடந்தார்கள். அந்தப் பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது, 2013இல் திறந்தார்கள். 2016இல் அதே பாதையைப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காகச் சேர்த்தார்கள். முதலில் தெற்கு நடந்து வடக்குக்குக் கொடுத்தது, பிறகு வடக்கிலிருந்து புறப்பட்டுத் தெற்குக்குக் கொடுத்தது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

தெல்லிப்பழை வந்தபின் பலருக்குக் கொழும்புப் பயணம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் சில பரிசோதனைகளுக்கும் சில சிகிச்சைகளுக்கும் இன்னமும் தெற்கே வருபவர்கள் உண்டு. அவர்களின் பஸ் காசுக்கும் தங்குமிடத்துக்கும் ஏதாவது செய்வோம் என்றுதான் 2023 ஆகஸ்டில் நாங்கள் பதினொரு பெண்கள் தெல்லிப்பழையிலிருந்து மகரகமை வரை சைக்கிளில் வந்தோம். நானூறு கிலோமீற்றருக்கு மேல், ஏழு நாள். அதில் இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் இந்த மாதம் எழுதுகிறேன்.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் நெல்லும் நோயாளியும் பிரசவத்துக்குப் போகிறவளும் கரியரில்தான் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, ஏறி ஓட இடமில்லாத சனத்துக்குள் நாங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். 2009இல் வன்னியில் கடைசியாகக் கைவிட்ட பொருட்களில் சைக்கிள்களும் குவியலாகக் கிடந்தன. கடலுக்கு அப்பால் புதுக்கோட்டையில், 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் பழகினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். அவர்களுக்கு விடுதலையாக வந்த சைக்கிள், எங்களுக்கு வேறு வழியில்லாமல் வந்தது. உழக்கிய கால்கள் ஒன்றுதான்.

1996இல் கொழும்புக்கு வந்தபின் நான் சைக்கிளைத் தொடவில்லை. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, பஸ்களும் குறைந்தபோது பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் பயந்து பயந்து ஓடத் தொடங்கினேன். இப்படித்தான் இந்தப் பயணத்துக்குள் வந்து சேர்ந்தேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் கிளிநொச்சி அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கணவனை 2009இல் இழந்தவர். தினமும் சாப்பாட்டுப் பார்சல் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். இளையவள் இருபத்துமூன்று வயதுத் தங்கச்சி. அவளுடைய அம்மா அந்த நேரம் சிகிச்சையில் இருந்தார். நுகேகொடையிலிருந்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர் வந்திருந்தார். சிங்களச் சகோதரி. அவரை நாங்கள் எல்லோரும் "அக்கே" என்றோம். பின்னால் ஒரு வான் வந்தது. தண்ணீர், ரியூப், பம், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதற்குள்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். காப்பெற் போட்ட நல்ல றோட்டு. பெரிய ஏற்றமும் இல்லை. மூன்று மணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். வவுனியாவில் ஒரு நிறுவனத்தார் எங்களுக்கு வரவேற்பு ஒழுங்கு செய்து, ஐம்பதினாயிரம் ரூபா காசோலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்குக் கூட்டம்.

அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். இரணைமடுச் சந்தி தாண்டும் மட்டும் சுகமாக இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனங்களையும் போல் நாங்களும் நின்றோம். தேங்காய் உடைத்தோம், கச்சான் வாங்கினோம். திரும்பவும் சைக்கிளில் ஏறியபோது காற்று எழும்பிவிட்டது.

ஆகஸ்டில் வீசுவது சோழகம். தென்மேற்கிலிருந்து வரும். வடக்கே போகிறவர்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். நாங்கள் போனதோ தெற்கே. காற்று வலப்பக்கமாக, முன்னால் நின்று நெஞ்சில் அடித்தது. சமதரையில் மலை ஏறுவது போல உழக்க வேண்டியிருந்தது. உழக்குவதை ஒரு நிமிடம் விட்டால் சைக்கிள் நின்றுவிடும். வெயில் ஏற ஏற றோட்டிலிருந்தும் சூடு கிளம்பியது. கொக்காவில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. எவ்வளவு உழக்கினாலும் அது கிட்ட வருவதாகத் தெரியவில்லை.

மாங்குளத்தை அடைந்தபோதே ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டோம். ஆளுக்கொரு பிளேன்ரீ குடித்தோம். அங்கேதான் கிளிநொச்சி அக்கா ஒரு ஒழுங்கு சொன்னார்.

"ஒவ்வொருத்தியும் தனித்தனியாக் காத்தோட சண்டை பிடிச்சா ஒருத்தியும் போய்ச் சேரமாட்டாள். ஒராள் முன்னுக்குப் போகட்டும். மற்றாக்கள் அவவின்ர மறைவில வாங்கோ. ஒரு கட்டை போனவுடன அவ பின்னுக்கு வரட்டும், அடுத்தவ போகட்டும்."

கட்டை என்றால் கிலோமீற்றர் கல். சைக்கிள் பந்தயக்காரர் செய்வதும் இதுதான். முன்னால் போகிறவரின் உடம்பு காற்றைப் பிளந்து கொடுக்கும். பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாரம் பெருமளவு குறையும். காற்று வலப்பக்கமிருந்து வந்ததால், முன்னால் போகிறவரின் பின்னே கொஞ்சம் இடப்பக்கமாக ஓடினால்தான் மறைவு கிடைத்தது. முன்னுக்குப் போன ஒவ்வொரு கட்டையும் எனக்கு நெஞ்சு வெடிக்கும் போலிருக்கும். பின்னுக்கு வந்ததும், பத்துப் பேரின் முதுகுகளுக்குப் பின்னால் மூச்சு விடலாம். யார் எவ்வளவு பலம் என்று பார்க்கவில்லை. பலம் குறைந்தவர் அரைக் கட்டை போனார். ஆனால் எல்லோரும் ஒருமுறையாவது முன்னுக்குப் போனார்கள்.

கனகராயன்குளத்துக்குக் கிட்ட, றோட்டுக்கரையில் வெள்ளரிப்பழமும் இளநீரும் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் நின்றோம். எதற்காகப் போகிறோம் என்று கேட்டார். சொன்னோம். இளநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, மடியிலிருந்து நூறு ரூபாத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய நிலைமை பார்த்தாலே விளங்கியது. நான், "வேண்டாம் அம்மா, இளநீரே பெரிய உதவி" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் வேண்டாம்? துண்டு எழுதித் தாங்கோ. இவ்வளவு காலமும் நாங்கள்தான் கையெழுத்து வைச்சு வாங்கினனாங்கள். தறப்பாளுக்கு வைச்சம், மாவுக்கு வைச்சம், கோழிக்குஞ்சுக்கு வைச்சம். இண்டைக்கு நீங்கள் கையெழுத்து வைச்சு என்னட்டை வாங்குங்கோ."

நான் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, திகதி போட்டு, தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டாய் மடித்து காசு வைக்கும் தகரப் பேணிக்குள் வைத்தார். சகோதரிகளே, நிவாரணப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பயனாளி என்று எங்களை எத்தனை படிவங்களில் எழுதியிருப்பார்கள்! கொடுக்கிறவர் என்ற நிரலில் எங்கள் பெயர் வந்த கடதாசி எத்தனை பேரிடம் இருக்கிறது?

கனகராயன்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில்தான் அந்த நாள் உண்மையாகவே கடினமானது. தங்கச்சி காலையிலிருந்து மற்றவர்களை விடக் கூடுதலாக முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள். "அம்மாவுக்காக" என்று அவள் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும். புளியங்குளம் வரமுன் அவளுடைய சைக்கிள் ஆடத் தொடங்கியது. இறங்கியவள் நிற்க முடியாமல் றோட்டோரம் இருந்துவிட்டாள். இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகியிருந்தன. தலை சுற்றுகிறது, சத்தி வருகிறது என்றாள்.

தாதி அக்கே உடனே அவளை மரநிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஈரத்துணியால் கழுத்தையும் கக்கத்தையும் துடைத்தார். ஒரு பக்கெற் ஜீவனியை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். உடம்பு சூடேறி, வியர்வையில் உப்பும் தண்ணீரும் போனால் இப்படி வரும் என்று விளங்கப்படுத்தினார். பேச்சுக் குழறினால், ஆளை அடையாளம் தெரியாவிட்டால், அல்லது மயங்கினால் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்றும் சொன்னார். நல்ல காலம், அந்த அளவுக்குப் போகவில்லை.

அப்போது மணி இரண்டரை. வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்துகொண்டிருந்தது. பிரமுகர்கள் வந்து இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்கள். எங்களுக்குள் கதை இரண்டாகியது. நாலைந்து பேர் விரைவாக முன்னுக்குப் போய்க் கூட்டத்தில் நின்று காசோலையை வாங்கலாம், மற்றவர்கள் ஆறுதலாக வரட்டும் என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஐம்பதினாயிரம் ரூபா என்றால் பதினைந்து இருபது நோயாளர் வந்து போகும் பஸ் காசு. அதைச் சேர்க்கத்தானே வந்தோம்? இன்னொருவர், முழுப்பேரையும் வானில் ஏற்றிக்கொண்டு போய் வவுனியா எல்லையில் இறங்கிச் சைக்கிளில் ஏறினால் யாருக்குத் தெரியும் என்றார். அதைக் கேட்டுச் சிலர் சிரித்தோம், சிலருக்குக் கோபம் வந்தது.

தங்கச்சி படுத்தபடியே அழுதாள். "என்னால எல்லாருக்கும் பிந்துது. நீங்கள் போங்கோ. நான் வானில ஏறமாட்டன், உருட்டிக்கொண்டாவது வாறன்" என்றாள்.

கிளிநொச்சி அக்கா அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "உன்ர அம்மா மகரகமைக்கு எதில போனவ?" என்று கேட்டார்.

"பஸ்ஸில."

"துணைக்கு ஆர் போனது?"

"நான்தான்."

"அம்மா வழியில சத்தி எடுத்தா நீ அவவை விட்டிட்டு முன்னுக்குப் போனனியோ? பிறகென்ன? அவ பஸ்ஸில போனதுக்கு ஆரும் அவவைக் குறைவாச் சொன்னதோ? ஏறு பிள்ளை வானில. நாளைக்கு உழக்கலாம்."

அதன்பிறகு யாரும் பிரிந்து போகும் கதையை எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். தங்கச்சியின் சைக்கிளை வானின் மேல் கட்டினோம். நிறுவனத்தாருக்கு நிலைமையைச் சொன்னோம். சரி என்றார்கள், குரலில் சந்தோஷம் இருக்கவில்லை. மிச்சத் தூரத்தைப் பத்துப் பேரும் ஒரே வரிசையில் போனோம். வான் எங்களுக்கு முன்னால் போகவில்லை, பின்னாலேயே வந்தது. ஓமந்தையில், 2015 வரை சோதனைச்சாவடி இருந்த இடத்தில், ஒரு காலத்தில் பொதிகளை இறக்கி வைத்து வரிசையில் நின்ற கதைகளை ஆளாளுக்குச் சொன்னோம். இப்போது அங்கே நிற்க வேண்டிய தேவை இல்லை, களைப்புக்காக நின்றோம். பொழுதுபட்டபோது காற்று விழுந்தது. வவுனியாவுக்குள் நுழைந்தபோது ஏழு மணி. மண்டபம் பூட்டியிருந்தது. காவற்காரர் மட்டும் வாசலில் நின்று, சிற்றுண்டிப் பெட்டிகள் சிலதை எடுத்துத் தந்தார்.

அந்தக் காசோலை பிறகு வரவேயில்லை. மகரகமைக்கு வந்து கணக்குப் பார்த்தபோது அந்த ஐம்பதினாயிரம் குறைவாகத்தான் இருந்தது. அது வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அதனால் பயணக்காசு கிடைக்காமல் போன யாரோ பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அன்று புளியங்குளத்தில் எடுத்த முடிவை இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். நோயாளிக்குத் துணை போவதற்காகச் சேர்ந்த பதினொரு பேர், தங்களுக்குள் ஒருத்தி விழுந்தபோது அவளை விட்டுவிட்டுப் போய் மேடையில் ஏறினால், அந்தக் காசோலையை எந்தக் கையால் வாங்குவது? தங்கச்சி மறுநாள் வவுனியாவில் தங்கி ஓய்வெடுத்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து எங்களோடு உழக்கி, மகரகமை வரை வந்தாள்.

நீங்கள் சைக்கிளில் நானூறு கிலோமீற்றர் போகவேண்டும் என்று இதை எழுதவில்லை. உங்கள் ஊரில் யாராவது ஒருத்தி தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ போய்வருவாள். அவளோடு ஒரு நாள் கிளினிக்குக்குத் துணை போங்கள். அவள் போயிருக்கும் நேரம் பிள்ளைகளுக்குச் சோறு கொடுங்கள். முறை வைத்துச் செய்தால் ஒருவருக்கும் பாரமில்லை, எங்கள் கட்டைக் கணக்குப் போலத்தான். நோயாளிக்கும் சொல்கிறேன்: உதவி வரும்போது ஏறிக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. எங்கள் நாட்டில் பெண்களுக்கு ஆகக்கூடுதலாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும். இருபது வயதிலிருந்து மாதம் ஒருமுறை மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். கட்டி, தோல் இழுபட்டிருத்தல், முலைக்காம்பில் கசிவு இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதானவர்கள் கட்டாயம் போங்கள். மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை, இரத்த அழுத்தம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்லுவார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017இலிருந்து பாடசாலைகளில் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

கிளினிக்குக்குத் தனியே போகப் பயமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் முப்பத்தைந்து தாண்டியிருக்கும்.